ஆய்வகத்தின் சாவி யார் கையில்?

பெங்களூரில் உள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் ஓர் ஆய்வேடு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஆய்வேடுகளைப் போலவே அதையும் பைண்டு செய்து அடுக்கியிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எழுதியவர் அன்னா மணி. மற்றவர்களுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்னா மணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டு, 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அங்கே சி.வி. இராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அவை திருப்பி உமிழும் ஒளியைப் பதிவு செய்வது அவருடைய வேலை. கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைக்க வேண்டும். சில வைரங்களின் ஒளி மிக மங்கலாக இருக்கும் என்பதால் ஒரு போட்டோ தகட்டில் பதியவே 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஆய்வகத்தில் விழித்திருந்த நாட்கள் உண்டு. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனியாளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அந்த நாளில் அறிவியல் கழகத்தில் செய்த ஆராய்ச்சிக்குப் பட்டம் தந்தது சென்னைப் பல்கலைதான். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

இது விதி எழுப்பிய சுவர். அதே ஆய்வகத்துக்குள் இன்னொரு சுவரும் இருந்தது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஆபா சுர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் கலந்து பழகக் கூடாது என்பதில் இராமன் கண்டிப்பாக இருந்தார். கேட்பதற்கு ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தெரியும். ஆனால் ஆராய்ச்சியில் பாதி பேச்சில்தான் நடக்கிறது. எந்தக் கருவி எப்போது தப்புக் காட்டும், எந்தக் கணக்கை எங்கே சுருக்கலாம், யார் எந்த முடிவைச் சந்தேகப்படுகிறார் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. வராந்தாவில், டீ குடிக்கும்போது, ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் எட்டிப் பார்க்கும்போது வந்து சேரும். அந்தப் பேச்சில் இடமில்லாத ஒருவர் இரண்டு மடங்கு உழைத்துத்தான் அதே இடத்துக்கு வர வேண்டும். அன்னா மணி வந்தார். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நாட்டிலேயே தயாரிக்கும் வேலையை முன்னின்று நடத்தி, துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். வர முடியாமல் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

பல்கலைக்கழகங்களில் இன்று ‘பன்மைத்தன்மை’, ‘உள்ளடக்கம்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே பேசுகிறார்கள். சேர்த்துப் பேசுவதாலேயே இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதலாவது, கதவைத் தாண்டி யார் யார் உள்ளே வருகிறார்கள் என்பது: பெண்கள், தலித்துகள், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், திருநம்பியர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இரண்டாவது, வந்தவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போனால் அழைத்ததற்கு அர்த்தமில்லை. இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கக் கற்றுத்தந்த சமன்பாட்டைக் கண்டுபிடித்த மேகநாத் சாஹா, கொல்கத்தாவில் மாணவராக ஈடன் இந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தபோது, சாதியின் பெயரால் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அவரை விடவில்லை. கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறை சேர்த்துக்கொள்ளவில்லை.

சேர்த்துக்கொள்வதற்குச் சட்டம் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது. உள்ளே நடப்பதை எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பேராசிரியர் டேப்பைக் கையில் எடுத்தார். அவர் பெயர் நான்சி ஹாப்கின்ஸ், மூலக்கூறு உயிரியலாளர், 1973 முதல் அங்கே வேலை பார்த்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஜீப்ரா மீன்களை வைத்து ஆராய்ச்சி தொடங்க நினைத்தார். மீன் தொட்டிகளுக்காகக் கூடுதலாக 200 சதுர அடி இடம் கேட்டார். கிடைக்கவில்லை. ‘உங்களுக்கு ஏற்கெனவே மற்றவர்களுக்கு இருக்கும் அளவு இருக்கிறதே’ என்ற பாணியில் பதில் வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து, கட்டடத்தில் இருந்த ஆய்வகங்களை ஒவ்வொன்றாக டேப் வைத்து அளந்தார். அவருக்கு இருந்தது 1,500 சதுர அடி. அவருக்குப் பின்னால் வந்த இளைய ஆண் பேராசிரியர்களுக்கு 2,000. அவரளவு மூத்த ஆண்களுக்கு 3,000.

1994-இல் அவரோடு சேர்த்து 16 பெண் பேராசிரியர்கள் அறிவியல் புலத்தின் தலைவரிடம் போனார்கள். அந்தப் புலத்தின் ஆசிரியர்களில் அப்போது பெண்கள் வெறும் 8 சதவீதம். ஒரு குழு போட்டுச் சம்பளம், இடம், ஆராய்ச்சிப் பணம், விருது, பொறுப்பு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். 1999-இல் அறிக்கை வெளிவந்தபோது கழகத்தின் தலைவரே முன்வந்து, பாரபட்சம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். சம்பளமும் இடமும் சரிசெய்யப்பட்டன.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கண்டுபிடிப்பு. புதிதாகச் சேர்ந்த இளம் பெண் பேராசிரியர்களுக்குப் பிரச்சினையே தெரியவில்லை. ‘அதெல்லாம் பழைய காலம், எங்களுக்கு நல்ல ஆதரவு இருக்கிறது’ என்று நினைத்தார்கள். மூத்த பெண்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தவர்கள். ஒதுக்கம் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு கமிட்டியில் பெயர் விடுபடும், ஒரு பெரிய புராஜெக்டில் கூப்பிட மாட்டார்கள், ஒரு அறை கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். 20 வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால்தான் தொகை தெரியும். அதனால்தான் ‘உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?’ என்று கேட்டுவிட்டு, ‘யாரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்று திருப்திப்படும் நிர்வாகத்தை நம்ப முடியவில்லை. ஆளைக் கேட்பதற்கு முன்னால் அறையை அளக்க வேண்டும்.

இனி நம் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த துறையில் யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த அறையின் சாவி மூத்த ஸ்காலர் ஒருவரின் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். யாருக்கு எப்போது முறை என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில், ‘நாளைக்குக் காலைல நீ போட்டுக்க, மத்தியானம் நான்’ என்று முடிவாகிவிடும். பெண்கள் அந்த டீக்கடைக்கு வர மாட்டார்கள். மகளிர் விடுதியில் ஆறரைக்கு கேட்டைப் பூட்டுவார்கள். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பையன்கள் ஐந்து மணி வண்டிக்கு ஓடிவிடுவார்கள். என்னோடு சேர்ந்த மாணவி ஒருவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, மூன்று வாரமாக சாம்பிள்களை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இளநீலமாக இருந்த கரைசல் பழுப்பாகிப்போனது. குரூப் மீட்டிங்கில் கைடு அவரைப் பார்த்து, ‘ஏம்மா இன்னும் டேட்டா வரல? மத்தவங்களுக்கு எப்படி வருது?’ என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவி வைத்திருந்த அண்ணன் நல்லவர். கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் ‘அண்ணா, எனக்கும் ஒரு ஸ்லாட் வேணும்’ என்று கேட்கும் இடத்தில் அந்த மாணவியைப் போன்றவர்கள் இருந்ததே இல்லை. அடுத்த வருஷம் வந்த துறைத்தலைவர் சாவியை அலுவலகத்தில் மாட்டச் சொன்னார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் பேனாவை நூலால் கட்டி, கதவருகே தொங்கவிட்டார். பெயர், தேதி, நேரம். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு முறை. ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் டேட்டா வந்தது. அந்த நோட்டின் விலை அப்போது 40 ரூபாய் இருக்கலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ‘உள்ளடக்கம்’ என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் அந்த நோட்டுதான். யாருடைய மனதையும் அது மாற்றவில்லை. ஒருவரின் நல்ல மனதைப் பொறுத்து இருந்த விஷயத்தை எல்லோரும் பார்க்கக்கூடிய முறையாக மாற்றியது.

நம் முனைவர் பட்டப் படிப்பில் இப்படி ஒரே கையில் இருக்கும் சாவிகள் நிறைய. கைடு என்று சொல்லும் நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஃபெல்லோஷிப் பணம் வராது, வேதிப்பொருள் வாங்க முடியாது, கருத்தரங்குக்குப் போக முடியாது, சினாப்சிஸ் கொடுக்க முடியாது, வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்காது. ஐந்தாறு வருஷம் ஒருவரின் வாழ்க்கை இன்னொருவரின் முகக்குறிப்பைப் பார்த்து நகர்கிறது. பெரும்பாலான கைடுகள் மாணவர்களைத் தங்கள் பிள்ளைகளைப் போல நடத்துகிறார்கள் என்பதும் உண்மைதான். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் போல நடத்தும்போது பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்பதும் கூடவே வரும். யாருடைய ஊர், யாருடைய பேச்சு, யாருடைய பழக்கவழக்கம் கைடுக்குப் பழக்கமானதோ அவருக்கு நெருக்கம் தானாக அமைந்துவிடும். சாதி பெரும்பாலும் இப்படித்தான் ஆய்வகத்துக்குள் வருகிறது, வசையாக வருவதைவிட வசதியாக.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் முனைவர் பட்ட விதிகளில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்கும் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. நம் பக்கத்தில் டாக்டரல் கமிட்டி என்றும் டி.சி. என்றும் சொல்வோம். ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் அதன் முன் நின்று வேலையைச் சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்தக் கூட்டம் முறுக்கு, டீ, கையெழுத்து என்று அரை மணி நேரத்தில் முடிகிறது. அந்த அரை மணியில் பத்து நிமிடம் கைடை வெளியே உட்கார வைத்து, குழுவில் உள்ள மற்ற இருவரும் மாணவரிடம் தனியாகப் பேசினாலே போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது சாதாரண வழக்கம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஒரு துறை கொண்டுவந்தாலும் அது பெரிய மாற்றம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணத்தையும் இங்கே பேச வேண்டும். இளநிலை ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் நல்ல தொகை. மாதாமாதம் வராது என்பதுதான் சிக்கல். நான்கு மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போகும். வீட்டில் பணம் இருப்பவருக்கு அது எரிச்சல். அந்தப் பணத்தில் தம்பியின் ஃபீஸ் கட்டுகிறவருக்கு அது படிப்பை நிறுத்தும் காரணம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரை விட்டபோது, தனக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடிந்ததில்லை. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கத் தனி அதிகாரியும் சமவாய்ப்பு மையமும் வேண்டும் என்று யூ.ஜி.சி. 2012-லேயே விதி வெளியிட்டிருந்தது. விதிக்கும் விடுதி அறைக்கும் நடுவில் இருந்த தூரத்தை அந்த ஏழு மாதம் காட்டியது. ஒரு பல்கலைக்கழகம் சமத்துவத்தில் அக்கறை உள்ளதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அதன் கணக்குப் பிரிவில் ஃபெல்லோஷிப் கோப்பு எத்தனை நாள் தூங்குகிறது என்று கேளுங்கள்.

‘தகுதி என்னாவது?’ என்ற கேள்வி இந்தப் பேச்சில் எங்காவது ஒரு மூலையிலிருந்து எழும். நேர்மையாகக் கேட்பவர்களும் உண்டு, அதனால் நேர்மையாகவே பார்ப்போம். தகுதியை நாம் எப்படி அளக்கிறோம்? 2012-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வக மேலாளர் வேலைக்கான விண்ணப்பம் ஒன்றைத் தயார் செய்து, 127 அறிவியல் பேராசிரியர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,508. திறமையிலும் ஜானுக்கே அதிக மதிப்பெண். பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். தலித் என்றும் முஸ்லிம் என்றும் தெரிகிற பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தாளில் இருந்த தகுதி ஒன்றுதான். பெயரைப் பார்த்ததும் அதன் எடை மாறியது.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு, ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்கு நேர்முகத்தில் மதிப்பெண் சரிவது தொடர்ந்து தெரிந்தது. நேர்முகத்துக்கு இருந்த 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கலாம் என்று குழு சொன்னது. இதைச் சொன்ன அதே 2016-இல் நாட்டுக்கே பொதுவான யூ.ஜி.சி. விதி எதிர்த்திசையில் போனது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வு, இறுதித் தேர்வு நேர்முகத்தில்தான் என்றது. மாணவர்கள் போராடினார்கள், வழக்கு போட்டார்கள். 2018-இல் எழுத்துக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் என்று திருத்தினார்கள். ஓர் எண் மாறினால் யார் உள்ளே வருகிறார்கள் என்பது மாறிவிடும் என்பதால்தான் இவ்வளவு போராட்டம்.

ஆசிரியர் நியமனத்தில் இதைவிட நுட்பமான ஒரு கணக்கு உண்டு. ரோஸ்டர் என்பார்கள். நிரப்ப வேண்டிய பணியிடங்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு என்று வரும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே வரிசையாக எண்ணினால் 200 இடங்களில் ஒவ்வொருவருக்கும் உரியது வந்துவிடும். ஒவ்வொரு துறையையும் தனித்தனி வரிசையாக எண்ணினால்? மூன்று பேர் உள்ள தத்துவத் துறையில் நான்காவது இடமே இல்லை. ஆறு பேர் உள்ள இயற்பியல் துறையில் ஏழாவது இடம் இல்லை. சதவீதம் சட்டத்தில் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் வர மாட்டார். 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைதான் அலகு என்று தீர்ப்பளித்தது. 2018-இல் யூ.ஜி.சி. அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது. நாடு முழுவதும் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷமே மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு முழு நிறுவனமும் ஒரே அலகு என்று சட்டம் வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் போன்ற சில ஆராய்ச்சி நிறுவனங்களை அந்தச் சட்டம் அட்டவணையில் சேர்த்து விலக்கி வைத்திருக்கிறது. அதிக ஆராய்ச்சி நடக்கும் இடங்களுக்கே விலக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழிமுறையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு வானத்திலிருந்து ஓர் உதாரணம். ஹப்பிள் தொலைநோக்கியைப் பயன்படுத்த உலகமெங்கும் இருந்து வானியலாளர்கள் விண்ணப்பிப்பார்கள். நேரம் கொஞ்சம், விண்ணப்பம் ஏராளம். பெண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்கள் வருடா வருடம் சற்றுக் குறைந்த விகிதத்திலேயே தேர்வாகிவந்தன. 2018-இல் விண்ணப்பங்களில் பெயரை நீக்கி, ‘நாங்கள் முன்பு காட்டியது போல’ என்ற மாதிரி அடையாளம் காட்டும் வாக்கியங்களையும் நீக்கச் சொன்னார்கள். அந்த முறை பெண்களின் தேர்வு விகிதம் 8.7 சதவீதம், ஆண்களுடையது 8.0. இந்த வித்தியாசம் சின்னது, ஒரே சுற்றை வைத்து ஆகா ஓகோ என்று சொல்லக் கூடாது. ஆனால் மதிப்பீட்டாளர்களின் பேச்சே மாறியது என்பது அங்கே இருந்தவர்களின் அனுபவம். ‘இவர் யார், இவரால் முடியுமா?’ என்று பேசியவர்கள், ‘இந்த யோசனை சரியா?’ என்று பேசினார்கள். முதல்முறை விண்ணப்பித்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நம் துறைகளில் உள்ளூர் புராஜெக்ட் நிதிக்கோ சிறந்த கட்டுரைப் பரிசுக்கோ இதைச் செய்து பார்க்க ஒரு ஸ்டேப்ளரும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நாம் எங்கோ பின்னால் நிற்கிறோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, உயர்கல்வியில் 5 சதவீத இடம் ஒதுக்குகிறது. சேர்ந்த பிறகு வேதியியல் ஆய்வக மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். மேசை மார்புக்கு மேலே இருக்கும், கீழே முட்டி நுழைய இடமிருக்காது, குழாய் அந்தக் கோடியில் இருக்கும். ஒரு மேசையைத் தாழ்த்தி, அடியில் இருக்கும் அலமாரியை எடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் விஷயம். ‘உங்களுக்கு தியரி நல்லா வரும்’ என்று சொல்லி வேறு பக்கம் அனுப்பிவிடுகிறோம்.

கீராட் வெர்மெய் என்ற ஆராய்ச்சியாளரைச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் முழுவதுமாகப் பார்வையை இழந்தவர். சிப்பிகளையும் சங்குகளையும் விரலால் தடவிப் படித்தே உலகின் முன்னணித் தொல்லுயிரியலாளர்களில் ஒருவர் ஆனார். ஓட்டின் மேல் நண்டு கடித்து, அந்த இடம் மறுபடி வளர்ந்து மூடிய தழும்பு விரலுக்குத் தெரியும். கண்ணால் பார்ப்பவர்கள் நிறத்தில் மயங்கித் தாண்டிப் போகும் இடம் அது. வேட்டையாடும் உயிருக்கும் ஓட்டுக்குள் ஒளியும் உயிருக்கும் கோடிக்கணக்கான வருஷங்களாக நடந்த போட்டியை அந்தத் தழும்புகளிலிருந்து அவர் எழுதினார். பன்மைத்தன்மையால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அந்த விரல்களைத்தான் காட்ட வேண்டும். மறுபக்கமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லோர் விரலிலும் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கருத்த தோல் உள்ளவர்களிடம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் சரியாக இருப்பதாகக் காட்டுவது அதிகம் என்று 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கறுப்பின நோயாளிகளிடம் இந்தத் தவறு வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கருவி அதற்குள் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்துவிட்டது.

தமிழ்நாட்டில் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவர் குரூப் மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. திறந்தால் ஆங்கிலம் தடுக்கும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். அந்த மௌனத்தை ‘பேசிக்ஸ் வீக்’ என்று படித்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வேறு மாதிரி செய்வார். முதலில் போர்டில் படம் போட்டுத் தமிழில் சொல்லச் சொல்வார். விஷயம் சரியாக வந்த பிறகு, ‘இப்ப இதையே இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் காட்டுங்க’ என்பார். மூன்றாவது வருஷத்தில் அந்த மாணவர்கள் வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசிவிட்டு வந்தார்கள்.

சான்றிதழ்கள் உதவுமா? பிரிட்டனில் 2005-இல் அதீனா ஸ்வான் என்ற திட்டம் தொடங்கியது. பெண்களின் நிலையைத் துறைவாரியாகக் கணக்கெடுத்து, திட்டம் தீட்டி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது வாங்க வேண்டும். 2011-இல் சில பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதிகளுக்கு வெள்ளி இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்ததும் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பணத்தோடு முடிச்சுப் போட்டால் கணக்கெடுப்பு நடக்கும் என்பது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அந்த விண்ணப்பக் கட்டுகளை ராத்திரி உட்கார்ந்து நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்களே. இந்தியாவிலும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் ‘கதி’ என்ற பெயரில் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதல் கட்டமாக 30 நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. கமிட்டி வேலையைப் பதவி உயர்வில் கணக்கில் எடுக்காத வரை, பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பரிகாரச் சுமையையும் ஏற்றியதாகத்தான் முடியும்.

ஆராய்ச்சியில் சேரப்போகிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்குச் சில விஷயங்கள். முனைவர் பட்ட மாணவிக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கும் படிப்பை முடிக்க இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும். இது யூ.ஜி.சி.யின் 2016 விதியிலும் இருந்தது, 2022 விதியிலும் இருக்கிறது. கைடின் தயவைக் கேட்டு வாங்குவது இல்லை இது. பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தேவை வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

லேபைத் தேர்வு செய்யும்போது கைடின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு, அந்தக் கட்டுரைகளில் மாணவர்களின் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்றும் பாருங்கள். வேலை தொடங்கும்போதே யார் பெயர் முதலில் வரும் என்று பேசி முடிவு செய்யும் லேபா, எழுதி முடித்த பிறகு சண்டை போடும் லேபா என்று கேளுங்கள். மீட்டிங் எத்தனை மணிக்கு, கருவி யார் பொறுப்பில், ஃபெல்லோஷிப் படிவத்தில் கையெழுத்து எத்தனை நாளில் ஆகிறது என்று அங்கே இருக்கும் ஸ்காலர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் கைடின் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னால் அதையும் கவனியுங்கள். பாதியில் விட்டுப்போனவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள். எந்தத் துறையும் அவர்களை எண்ணுவதில்லை, ஏன் போனார்கள் என்று கேட்பதும் இல்லை. எப்படியாவது நம்பரை வாங்கி, அவரிடம் ஒரு அரை மணி நேரம் பேசுங்கள்.